லாட்ஜ், பிரியாணிக் கடை, பல் கிளினிக்: ஆன்லைன் பேரை அளப்பது பற்றி வேலூரில் கேட்கும் கேள்விகள்

காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜ், ஆற்காட்டில் மக்கன் பேடா விற்கும் ஒரு இனிப்புக் கடை, சத்துவாச்சாரியில் ஒரு பல் கிளினிக். இப்படிச் சில இடங்களுக்கு மாதம் ஒரு நாள் போய் உட்கார்ந்து, ஆன்லைனில் அவர்கள் பேர் எப்படி அடிபடுகிறது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. போகிற இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் டீ ஆறும்வரை பேசுவதற்குப் பதிலாக இங்கே எழுதி வைத்துவிட்டேன். கீழே வரும் கணக்குகளில் உள்ள எண்கள் புரிவதற்காக நான் போட்டுக்கொண்டவை, எந்தக் கடையுடையதும் அல்ல.

ஆன்லைனில் 'பேர்' என்று எதைச் சொல்கிறீர்கள்? அதை எப்படி அளக்க முடியும்?

பேரை நேராக அளக்க முடியாது. காய்ச்சலுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, பேர் விட்டுச்செல்லும் தடயங்களைத்தான் அளக்கிறோம். எத்தனை பேர் உங்களைப் பற்றிப் பேசினார்கள், நல்லதாகவா கெட்டதாகவா, எதைக் குறித்து, அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பவை அந்தத் தடயங்கள். இந்த நான்கில் முதல் இரண்டை மென்பொருள் சுலபமாக எண்ணிக் கொடுத்துவிடும். காசு கொடுத்து வாங்கும் ரிப்போர்ட்டுகளும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. கடைக்காரருக்கு உதவுவது மூன்றாவதும் நான்காவதும்.

எங்களுக்கு இன்ஸ்டாகிராமில் பன்னிரண்டாயிரம் ஃபாலோயர் இருக்கிறார்களே?

இருக்கட்டும். அதில் எத்தனை பேர் காட்பாடி பாலம் தாண்டி உங்கள் கடைக்கு வரக்கூடியவர்கள் என்று பாருங்கள். இன்ஸ்டாகிராமின் தொழில்முறைக் கணக்கில் ஃபாலோயர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று அதுவே காட்டும்.

ரீச், என்கேஜ்மென்ட் என்றெல்லாம் ஏஜென்சிக்காரர் சொல்கிறார். எது எது என்ன?

ரீச் என்றால் உங்கள் பதிவு எத்தனை தனித்தனி ஆட்கள் கண்ணில் பட்டது என்பது. ஒரே ஆள் மூன்று முறை பார்த்தாலும் ரீச்சில் ஒன்றுதான். இம்ப்ரெஷன் என்றால் அது மூன்று. இன்ஸ்டாகிராம் 2024 ஆகஸ்டிலிருந்து 'வியூஸ்' என்பதையே முதன்மை எண்ணாக முன்னால் வைக்கிறது. அதில் திரும்பத் திரும்பப் பார்த்ததும் சேரும். அதனால் பழைய ரீச் எண்ணையும் புதிய வியூஸ் எண்ணையும் பக்கத்தில் வைத்து 'வளர்ச்சி' என்று யாராவது காட்டினால், கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள்.

என்கேஜ்மென்ட் விகிதத்தில்தான் விளையாட்டு அதிகம். ஒரு பதிவை 8,000 பேர் பார்த்து, லைக், கமென்ட், ஷேர், சேவ் எல்லாம் சேர்த்து 240 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 8,000 ஆல் வகுத்தால் 3 சதவீதம். அதே 240 ஐ உங்கள் 2,000 ஃபாலோயரால் வகுத்தால் 12 சதவீதம். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் போன மாதம் ஒன்றால், இந்த மாதம் இன்னொன்றால் வகுத்தால் அது பொய். ரிப்போர்ட்டில் வகுத்த எண் எது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

இதோடு ஷேர் ஆஃப் வாய்ஸ் என்று ஒன்று சொல்வார்கள். உங்கள் தொழிலைப் பற்றி ஊரில் எழும் மொத்தப் பேச்சில் உங்கள் பங்கு. ஆம்பூரில் ஐந்து பிரியாணிக் கடைகளைப் பற்றி ஒரு மாதத்தில் 150 பதிவுகள், அதில் உங்கள் கடை 45 என்றால் 30 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் பார்சல் கவுண்டரில் நடந்த சண்டையை ஒருவர் வீடியோ எடுத்துப் போட்டு, உங்களைப் பற்றிய பதிவு 145 ஆகிறது. மற்றவர்கள் அதே 105. இப்போது உங்கள் பங்கு 58 சதவீதம்! பேச்சின் அளவை மட்டும் பார்த்தால் அது உங்கள் வாழ்நாளின் சிறந்த மாதம்.

அப்படியானால் நல்லது, கெட்டது என்று பிரித்துப் பார்த்தால் போதுமா?

பிரிக்க வேண்டும், போதாது. வழக்கமான கணக்கு இது: நல்ல பதிவுகளிலிருந்து கெட்டவற்றைக் கழித்து, மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்குவது. 60 பதிவில் 30 நல்லது, 12 கெட்டது, 18 இரண்டுமில்லை என்றால் மதிப்பெண் 30. இன்னொரு மாதம் அதே 60ல் 20 நல்லது, 2 கெட்டது, 38 இரண்டுமில்லை. கழித்து வகுத்துப் பாருங்கள், அதுவும் 30தான். முதல் மாதத்தில் பன்னிரண்டு பேர் கோபமாகப் போயிருக்கிறார்கள், இரண்டாவது மாதத்தில் இரண்டே பேர். ஒரே மதிப்பெண், இரண்டு வேறு கடைகள். அதனால் நான் மதிப்பெண்ணை எழுதும்போதெல்லாம் பக்கத்தில் கெட்டதன் எண்ணிக்கையைத் தனியாக எழுதி, அது எதைப் பற்றி என்று ஒரு சொல்லும் போடுவேன்: 'லிஃப்ட்', 'பில்', 'காத்திருப்பு' என்று. மூன்று மாதம் 'லிஃப்ட்' வந்தால் லிஃப்டைப் பார்க்க வேண்டும், ஃபேஸ்புக்கை அல்ல.

கூகுளில் எங்களுக்கு 4.1 ஸ்டார். 4.3 ஆக்க எவ்வளவு நாள் ஆகும்?

நாளைச் சொல்ல முடியாது, ரிவ்யூவின் எண்ணிக்கையைச் சொல்லலாம். 180 ரிவ்யூவில் சராசரி 4.1 என்றால் மொத்தம் 738 ஸ்டார். இனி வருகிறவர்கள் ஒருவர் விடாமல் ஐந்து ஸ்டாரே கொடுத்தாலும் 4.3 ஐத் தொட 52 பேர் வேண்டும். நடுவில் ஒருவர் ஒரு ஸ்டார் போட்டால் இன்னும் கூடும். பலருக்கு இந்தக் கணக்கைக் காட்டியதும் முகம் விழுந்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெறும் 12 ரிவ்யூவில் 4.5 வைத்திருக்கும் புதுக் கடைக்கு ஒரே ஒரு ஒற்றை ஸ்டார் வந்தால் 4.2க்கு இறங்கிவிடும். 400 ரிவ்யூவில் 4.5 வைத்திருப்பவருக்கு அதே ஒற்றை ஸ்டார் தூசு, திரையில் 4.5 அப்படியே நிற்கும். ஆகவே ஸ்டாரைத் தனியாகப் பார்க்காதீர்கள், எத்தனை பேர் போட்டது என்பதோடு சேர்த்துப் பாருங்கள். கடைசி மூன்று மாதத்தில் வந்தவற்றுக்குத் தனியாக ஒரு சராசரி போடுவது இன்னும் நல்லது. மூன்று வருடத்துக்கு முன்பு இருந்த சமையல்காரரின் ஸ்டாரை வைத்து இன்றைய குழம்பை எடை போடக் கூடாது.

ஸ்டாருக்குக் காசு மதிப்பு உண்டா என்றால், உண்டு. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த மைக்கேல் லூகா 2011ல் அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து ஆராய்ந்தார். யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தில் ஒரு முழு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று கண்டார். எனக்கு அதைவிடப் பிடித்தது அதே ஆய்வின் இன்னொரு முடிவு: அந்தப் பலன் தனிக் கடைகளுக்குத்தான், பல ஊரில் கிளை வைத்த சங்கிலிக் கடைகளுக்கு இல்லை. பேர் தெரிந்த சங்கிலிக் கடைக்குள் நுழைகிறவருக்கு ரிவ்யூ தேவைப்படுவதில்லை. லாங்கு பஜாரில் முதல் முறையாகக் கால் வைக்கும் வெளியூர்க்காரருக்கு உங்கள் கடையைப் பற்றித் தெரிந்த ஒரே சாட்சி அந்த ஸ்டார்தான்.

எங்கள் கடையைத் தேடினால் எங்கெங்கோ போகிறதே?

இது நம் பக்கத்துக்கே உரிய தலைவலி. தமிழில் 'வேலூர்' என்று தேடினால் நாமக்கல் பக்கத்துப் பரமத்தி வேலூரும் வரும். 'ஆற்காடு' என்று தேடினால் சென்னை வடபழனி, கோடம்பாக்கம் வழியாகப் போகும் ஆற்காடு ரோடு முழுக்க வந்து நிற்கும். எழுத்திலும் ஒற்றுமை கிடையாது, ஆற்காடு, ஆர்க்காடு, ஆர்காடு மூன்றும் புழங்குகிறது. 'ஆம்பூர் பிரியாணி' என்பதோ ஒரு சமையல் முறையின் பேராகவே ஆகிவிட்டது, எந்த ஊர் போர்டிலும் அதைப் பார்க்கலாம். அந்தச் சொல்லுக்கு ஆயிரம் பதிவு வந்தால், ஆம்பூர்க் கடை ஒன்றைப் பற்றியது அதில் எத்தனை என்பது கையால் பொறுக்கினால்தான் தெரியும். மாவட்டப் பேரும் உதவாது. பழைய வடஆற்காடு 1989ல் பிரிந்தது, வேலூர் மாவட்டம் 2019ல் மூன்றானது. ஆம்பூர் இன்று திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம். ஆனால் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் வேலூர் என்றே போடுகிறார்கள்.

கடைப் பேரையும் தெருப் பேரையும் சேர்த்துத் தேடுங்கள். பேர் எத்தனை விதமாக எழுதப்படுகிறது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள், தப்பும் தவறுமான எழுத்துகளோடு. நாம் கொடுத்த சொல் இணையத்தில் புதிதாக வந்தால் மின்னஞ்சலில் சொல்லும் கூகுள் அலர்ட்ஸ் இலவசம், ஒவ்வொரு எழுத்து வடிவத்துக்கும் ஒன்று போட்டு வைக்கலாம். அது இணையப் பக்கங்களைத்தான் பிடிக்கும், இன்ஸ்டாகிராம் கமென்டை எதிர்பார்க்காதீர்கள்.

மென்பொருள் தானாகவே பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கிறதாமே? நம்பலாமா?

நான் நம்பி ஒரு முறை அவமானப்பட்டிருக்கிறேன். ஒரு உணவகத்துக்கு மாத ரிப்போர்ட் கொடுத்தேன், 80 சதவீதம் பாசிட்டிவ் என்று பச்சை வட்டம் போட்டு. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பதிவைச் சத்தமாகப் படித்தார்: "செம்ம சர்வீஸ் தலைவா, ஒன்றரை மணி நேரத்துல சாம்பாரே வந்துடுச்சு." மென்பொருள் 'செம்ம'வைப் பார்த்துப் பச்சை அடித்திருந்தது. அடுத்தது "வேற லெவல் பில்லு". அதுவும் பச்சை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அன்றிலிருந்து எல்லாவற்றையும் நானே படிக்கிறேன்.

கிண்டல், ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழ், பாதி உருது கலந்த வாணியம்பாடிப் பேச்சு, இவை எதிலும் மென்பொருள் இன்னும் தடுமாறத்தான் செய்கிறது. இப்போது வந்திருக்கும் ஏஐ கருவிகள் முன்பைவிட மேல் என்பது உண்மை. ஆனாலும் நம் கடைக்கு மாதம் வருவது ஐம்பதோ நூறோ. அதைப் படிக்க ஒரு மணி நேரம் போதும். லட்சக்கணக்கில் பதிவு வரும் கம்பெனிக்குச் செய்த கருவியைத் தெருமுனைக் கடைக்கு வாங்குவானேன்?

நாங்கள் லாட்ஜ் நடத்துகிறோம். ரிவ்யூ பாதி படிக்கவே முடியவில்லை.

ஏனென்றால் அது பெங்காலி. சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்களை நம்பித்தானே காந்தி ரோடும் அதைச் சுற்றிய சந்துகளும் நடக்கின்றன. போர்டை பெங்காலியில் எழுதத் தெரிந்த நாம், அவர்கள் எழுதுவதைப் படிக்காமல் விடுகிறோம். ஹவுராவில் ரயில் ஏறும் முன்பே, நோயாளியின் மகனோ தம்பியோ போனில் உங்கள் லாட்ஜைப் பற்றி முன்னால் தங்கியவர் எழுதியதைப் படித்து முடித்துவிடுகிறார். காட்பாடியில் இறங்கும்போது அவர் முடிவு எடுத்தாகிவிட்டது.

சில சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டலாம். 'கூப் பாலோ' என்றால் ரொம்ப நல்லது. 'பாஜே' என்றால் மோசம், 'நோங்ரா' என்றால் அழுக்கு, 'ஜாமேலா' என்றால் தொல்லை. 'தலால்' என்று கண்ணில் பட்டால் உடனே நின்று படியுங்கள், புரோக்கரைப் பற்றிய புகார். மீதிக்கு கூகுள் மொழிபெயர்ப்பு இருக்கிறது.

அவர்கள் எதை எழுதுகிறார்கள் என்பதைக் கவனித்தால் அளக்க வேண்டியது எதுவென்று விளங்கும். ஏசியும் டிவியும் பின்னால்தான். மருத்துவமனைக்கு நடக்கிற தூரம், லிஃப்ட், வெந்நீர், சொந்தமாகச் சமைத்துக்கொள்ள அடுப்பு, பக்கத்தில் மீன் சாப்பாடு, ஆதாரோ பாஸ்போர்ட்டோ காட்டும்போது ரிசப்ஷனில் பேசும் தோரணை. இந்த ஆறையும் ஆறு கட்டமாகப் போட்டு, ஒவ்வொரு ரிவ்யூவிலும் எது பாராட்டப்பட்டது, எது திட்டப்பட்டது என்று கோடு கிழித்துக்கொண்டே வாருங்கள். எந்த டாஷ்போர்டும் இதைக் கொடுக்காது.

எங்களைப் பற்றிய பேச்சு திடீரென்று பாதியாகிவிட்டது. பேர் கெட்டுவிட்டதா?

அவசரப்படாதீர்கள், முதலில் ஊரைப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்த பிறகு அவர்களுக்கு இந்திய விசா கிடைப்பது வெகுவாகக் குறைந்தது. வருகிறவர் குறைந்தால் எழுதுகிறவரும் குறைவார். அதில் லாட்ஜின் பேருக்கு என்ன சம்பந்தம்? விஐடி மாணவர்களை நம்பி நடக்கும் கடைகளுக்கும் இதே கதை, செமஸ்டர் விடுமுறையில் காட்பாடிப் பக்கமே ஓய்ந்துவிடும். அதனால் போன மாதத்தோடு ஒப்பிடாமல், போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பதிவுகளின் எண்ணிக்கையை வந்த வாடிக்கையாளர் எண்ணிக்கையால் வகுப்பது அதைவிட நல்லது. நூறு பேர் தங்கினால் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்ற எண் மாறினால்தான் யோசிக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குரூப்பில் பேசுவதை எப்படி அளப்பது?

அளக்க முடியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, எட்டிப் பார்க்க ஜன்னலும் இல்லை. வருகிறவரிடம் "எங்களைப் பற்றி எங்கே கேள்விப்பட்டீர்கள்?" என்று கேட்டு ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் நிரப்பினால் கொஞ்சம் தெரியும்.

ஐந்து ஸ்டார் ரிவ்யூ மொத்தமாக விற்கிறார்களே, வாங்கினால் என்ன?

மாட்டிக்கொள்வீர்கள் என்பது ஒரு பக்கம். காசு கொடுத்தோ தள்ளுபடி காட்டியோ ரிவ்யூ வாங்குவதைக் கூகுள் தன் விதிகளில் தடுத்திருக்கிறது. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எழுதச் சொல்வதும் விதிமீறல்தான். பிடித்தால் ரிவ்யூக்களை நீக்கும், கடையின் பக்கத்தில் எச்சரிக்கைகூடப் போடும். இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2022 நவம்பரில் ஆன்லைன் ரிவ்யூவுக்கென்றே ஐஎஸ் 19000:2022 என்று ஒரு தரநிலை கொண்டுவந்தது. அது ரிவ்யூவை வெளியிடும் தளங்களுக்கானது.

எனக்கு இன்னொரு பக்கம்தான் பெரிதாகத் தெரிகிறது. போலி ரிவ்யூ வாங்கிய அன்றே உங்கள் அளவுகோல் உடைந்துவிடுகிறது. அடுத்த மாதம் 4.6 என்று வந்தால் அது சமையலா, வாங்கிய சரக்கா? உங்களுக்கே தெரியாது.

திட்டி எழுதினால் பதில் போட வேண்டுமா? எவ்வளவு சீக்கிரம்?

போட வேண்டும். திட்டியவருக்காக மட்டும் அல்ல, பின்னால் வந்து படிக்கப்போகும் நூறு பேருக்காக. வேகத்தை அளக்கும்போது சராசரி போடாதீர்கள். ஐந்து பதில்கள் 2, 3, 3, 4, 240 மணி நேரம் எடுத்தன என்றால் சராசரி 50 மணி நேரத்துக்கு மேல் போய்விடும். வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 3. பள்ளிக்கூடத்தில் இடைநிலை அளவு என்று படித்தோமே, அதேதான். அந்த 240 மணி நேரம் யாருக்கு, ஏன் என்பதைத் தனியாக விசாரியுங்கள்.

கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோபத்தில் "உங்களுக்கு இன்ன நோய், இன்ன தேதியில் வந்தீர்கள், மருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை" என்று பொதுவில் எழுதிவிடாதீர்கள். நோயாளியின் விவரத்தை வெளியிட்ட டாக்டர் என்ற பேர் எந்த ஒற்றை ஸ்டாரையும்விட மோசமானது. தொலைபேசி எண்ணைக் கொடுத்து, பேசலாம் வாருங்கள் என்று நிறுத்துங்கள்.

எங்களுக்குத் தோல் ஏற்றுமதி. லைக்கும் ஃபாலோயரும் எங்களுக்கு எதற்கு?

பெரும்பாலும் எதற்குமில்லை. இத்தாலியிலோ ஜெர்மனியிலோ இருக்கும் பையர் உங்கள் ரீல்ஸைப் பார்த்து ஆர்டர் போடப் போவதில்லை. தோல் ஆலைகளைத் தணிக்கை செய்து தரம் போடும் லெதர் ஒர்க்கிங் குரூப் தணிக்கையில் உங்களுக்குக் கிடைத்தது கோல்டா சில்வரா என்று கேட்பார். ஆனால் அவரும் தேடல் பெட்டியில் தட்டிப் பார்ப்பார். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்ற பேரோடு 'டேனரி' (தோல் பதனிடும் ஆலை) என்று தேடினால் பாலாற்று மாசு வரும். தோல் கழிவு வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடம், 2025ல் அதே பாலாறு குறித்து இன்னொரு தீர்ப்பும் வந்தது. உங்கள் கம்பெனிப் பேருக்குக் கெட்ட பதிவு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம், தொழிலின் பேரில் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு அளக்க வேண்டியவை இரண்டு: உங்கள் பேரைத் தேடினால் முதல் பக்கத்தில் என்ன வருகிறது, தொழிலின் பேரைத் தேடினால் வரும் பேச்சில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றி உங்கள் குரல் ஒன்றாவது இருக்கிறதா.

'இந்த மாதம் நாலு லட்சம் ரூபாய் விளம்பர மதிப்பு கிடைத்தது' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. சந்தோஷப்படலாமா?

அந்தக் கணக்கு, வந்த செய்தியின் இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பெருக்குவது. 2010ல் மக்கள் தொடர்புத் துறையினரே பார்சிலோனாவில் கூடி, அந்த விளம்பர ஈட்டு மதிப்பு மக்கள் தொடர்பின் மதிப்பே அல்ல என்று எழுதிவைத்துவிட்டார்கள். இன்னும் போட்டுக் கொடுக்கிறார்கள். இதேபோல் ஒரு ஆளின் செல்வாக்கை நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்ட கிளவுட் (Klout) என்ற சேவை 2008ல் பிரமாதமாகக் கிளம்பி 2018ல் மூடப்பட்டது. ஒற்றை எண்ணில் எல்லாவற்றையும் அடக்குகிறேன் என்பவரிடம் அது எப்படி வந்தது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் பில்லைக் குறைத்துக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும்?

ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு, வாரம் ஒரு மணி நேரம். கூகுளில் கடைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் கூகுள் பிசினஸ் புரொஃபைலும், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கான மெட்டா பிசினஸ் சூட்டும் காசு கேட்பதில்லை. தேதி, எங்கே எழுதினார்கள், எந்த மொழி, நல்லதா கெட்டதா, எதைப் பற்றி, எப்போது பதில் போட்டோம், அதற்குப் பிறகு கடையில் என்ன மாற்றினோம் என்று ஏழு கட்டம். கடைசிக் கட்டம் தொடர்ந்து காலியாகவே இருந்தால் என்னை மாதாமாதம் கூப்பிட வேண்டாம், பணம் வீண். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால், காந்தி ரோட்டு மருந்துக் கடைகளில் பெங்காலி படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். வாரம் ஒரு சாயங்காலம் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பேட்டாவும் டிபனும் கொடுத்து உங்கள் ரிவ்யூவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.